பந்து இல்லாத பக்கத்தைப் பாருங்கள்

சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரே வேலைதான். முந்தின இரவு நடந்த பள்ளி ஆட்டத்தின் வீடியோவை ஒவ்வொரு ப்ளேயாக, அதாவது பந்து கிளம்பியதிலிருந்து விசில் ஊதும்வரை ஒரு துண்டாக வெட்டி, யார் எங்கே நின்றான், யாரைத் தடுத்தான் என்று குறித்துக் கோச்சுக்கு அனுப்ப வேண்டும். டெக்சாஸில் பல வருடங்களாக இதைச் செய்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக அமெரிக்கன் ஃபுட்பால் ஆட வருகிறார்கள். போன சீசனில் அப்படி ஒரு பையனின் அம்மா என்னிடம் கேட்டார்: "அண்ணா, இவன் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கான், கைக்குப் பந்தே வரலியே. எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்?" பையன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். காரில் அப்பா வேறு, "இன்னிக்கும் நீ ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிவிட்டாராம்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரையும் வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு பழைய கல்லூரி ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். 2007 ஜனவரி 1, அரிசோனாவின் க்ளெண்டேலில் நடந்த ஃபியஸ்டா பௌல். ஒரு பக்கம் ஓக்லஹோமா, பெரிய பாரம்பரியம் உள்ள அணி. இன்னொரு பக்கம் பாய்சி ஸ்டேட். அந்த சீசனில் ஒரு தோல்விகூட இல்லாமல் வந்திருந்தும், பெரிய அணிகளின் வரிசையில் யாரும் சேர்க்காத அணி. கோச் க்ரிஸ் பீட்டர்சனுக்குத் தலைமைப் பொறுப்பில் அதுதான் முதல் வருடம்.

மூன்றாம் பகுதியில் 28-10 என்று முன்னிலையில் இருந்தது பாய்சி ஸ்டேட். பிறகு ஓக்லஹோமா வரிசையாக 25 புள்ளிகள் எடுத்தது. கடைசி ஏழு புள்ளிகள், பாய்சியின் குவார்ட்டர்பேக் ஜாரெட் ஸப்ரான்ஸ்கி எறிந்த பந்தை எதிரணி வீரர் பிடித்துக்கொண்டு ஓடியதால் வந்தவை. 35-28. மிச்சம் 1 நிமிடம் 2 விநாடி.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு உண்டு, அதற்குள் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பாய்சிக்கு இப்போது நான்காவது வாய்ப்பு. இடையில் பின்னுக்குத் தள்ளப்பட்டதால் வேண்டியது 18 யார்டு. நிற்பது மைதானத்தின் நட்டநடுவில், மிச்சம் 18 விநாடி.

ஸப்ரான்ஸ்கி எறிகிறார். ட்ரிசன் ஜேம்ஸ் பிடிக்கிறார். எங்கே பிடித்தார் என்பதைக் கவனியுங்கள்: 15 யார்டு தள்ளி, வேண்டியதற்கு மூன்று யார்டு குறைவான இடத்தில். டிஃபென்ஸில் நிற்பவனுக்கு அதைவிட இனிப்பான காட்சி கிடையாது. இவனை இங்கேயே அமுக்கினால் ஆட்டம் முடிந்தது. எல்லோரும் ஜேம்ஸை நோக்கிப் பாய்கிறார்கள். அந்த நேரம் எதிர்த்திசையிலிருந்து ஜெரார்ட் ராப் ஓடி வருகிறார். ஜேம்ஸ் பந்தை அவரிடம் தட்டிவிடுகிறார். பாய்ந்தவர்கள் பாய்ந்த வேகத்தில் திரும்ப முடியவில்லை. ராப் 35 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்ட, டச்டவுன். மிச்சம் 7 விநாடி, 35-35. இந்த ப்ளேக்கு அணி வைத்திருந்த பெயர் சர்க்கஸ்.

இங்கே வீடியோவை நிறுத்தி, ஆரம்பத்திலிருந்து ராபை மட்டும் பார்க்கச் சொன்னேன். பந்து கைக்கு வரும்வரை அவர் செய்வது ஓடுவது மட்டுமே. ஒரு அடி முன்னால் வந்திருந்தால் பந்து முன்நோக்கிப் போயிருக்கும், அது விதிமீறல். ஒரு அடி பின்தங்கியிருந்தால் ஜேம்ஸ் விழுந்திருப்பார். அந்த ஓட்டத்தின் வேகம், கோணம் இரண்டும்தான் டச்டவுனைக் கொண்டுவந்தன. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ராப் திடீரென்று முளைத்தவர் போலத்தான் தெரிந்திருப்பார்.

கல்லூரி ஆட்டத்தில் கூடுதல் நேரம் வந்தால் இரு அணிகளுக்கும் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கொரு முறை. ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் ஓட்டத்திலேயே 25 யார்டையும் கடந்துவிட்டார். அப்படி ஒரு ஆளை எதிரில் வைத்துக்கொண்டு பாய்சி மறுபடி நான்காவது வாய்ப்பில் நின்றது. ஸப்ரான்ஸ்கி ஓரமாக நகர, பந்து நேரே வின்னி பெரெட்டாவிடம் போக, அவர் டெரெக் ஷோமனுக்கு எறிய, டச்டவுன். 42-41.

டச்டவுனுக்குப் பின் ஒரு உதை உதைத்தால் ஒரு புள்ளி, சமன், ஆட்டம் இன்னொரு சுற்று நீளும். பாய்சியின் கோச் பீட்டர்சன் அதை விரும்பவில்லை. மூன்று யார்டு தூரத்திலிருந்து இரண்டு புள்ளிக்கு முயன்றார். சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆட்டம் நீள நீள, பலசாலி அணிக்குத்தான் லாபம்.

அடுத்து வந்ததுதான் சுதந்திர தேவி சிலையின் பெயரைத் தாங்கிய பழைய உத்தி. வலப்பக்கம் மூன்று ரிசீவர்கள், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்கள். ஸப்ரான்ஸ்கி அந்தப் பக்கமே பார்த்து, வலக்கையை ஓங்கி எறிகிறார். கையில் பந்து இல்லை. அது இடக்கையில், முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இயன் ஜான்சன் வந்து வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடுகிறார். ஒருவர்கூட அவரைத் தொடவில்லை. 43-42.

"இப்போ சொல்லுங்க, அந்த மூணு பேர் என்ன பண்ணாங்க?" என்று அப்பாவிடம் கேட்டேன். மறுபடி போடச் சொன்னார். மூன்று பேரும் பந்து வரப்போகிறது என்று நம்ப வைக்கிற மாதிரி நின்றார்கள், அசைந்தார்கள். டிஃபென்ஸின் கண்ணும் காலும் அங்கே போயின. அவர்களில் ஒருவர் அசட்டையாக நின்றிருந்தாலும், எதிரணியில் ஒரு ஆளாவது இடப்பக்கம் திரும்பியிருக்கலாம். பிறகு இவர்கள் பையனின் வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் போட்டேன். அவன் முழு மூச்சாக ஆழத்துக்கு ஓட, எதிரணியின் கடைசித் தடுப்பாளான சேஃப்டி அவன் பின்னாலேயே போகிறான். காலியான இடத்தில் இன்னொரு பையன் பந்தைப் பிடிக்கிறான். அப்பா ஒன்றும் பேசவில்லை. மகனின் தோளில் கையை வைத்தார்.

பெற்றோர்களே, பந்தின் பின்னால் ஓடும் கண்ணைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். முதலில் லைன்மேன்களின், அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவர்களின், முதல் அடியைப் பாருங்கள். முன்னே பாய்ந்தால் பெரும்பாலும் ஓட்டம், பின்வாங்கி நிமிர்ந்தால் பெரும்பாலும் பாஸ், அதாவது எறிதல். அதன் பிறகு உங்கள் பிள்ளை எந்த எதிரியை எங்கே இழுத்துப் போகிறான் என்று பாருங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, வீடியோவின் ஓரத்தில் ஒரு லைன்மேன் பையனைப் பார்த்தேன். பந்து 20 யார்டு தள்ளிப் போய்விட்டது, அரங்கமே அந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறது. இவன் எழுந்து இரண்டு அடி வைத்துத் தள்ளாடி, எதிரணி கூடியிருக்கும் இடத்தை நோக்கி நடக்கிறான். அடுத்த ப்ளேயிலும் ஆடியிருக்கிறான். கோச், பெற்றோர், நான், யாருமே வெள்ளிக்கிழமை அதைப் பார்க்கவில்லை. உடனே கோச்சுக்கும் அவன் வீட்டுக்கும் போன் செய்தேன். மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் உறுதிப்படுத்தினார். அந்தப் பன்னிரண்டு விநாடிக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆகவே விசில் ஊதிய பிறகும் உங்கள் பிள்ளையையே பாருங்கள். மெதுவாக எழுகிறானா, தலையைப் பிடித்துக்கொள்கிறானா, எங்கே நிற்பது என்று குழம்புகிறானா? மோதும்போது முகம் நிமிர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தலையைக் குனிந்து உச்சந்தலையால் முட்டுவது கழுத்தெலும்புக்கு ஆபத்து. டெக்சாஸில் 2011இல் வந்த சட்டப்படி, மூளை அதிர்ச்சி என்று பெற்றோருக்குச் சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து உடனே வெளியே எடுக்க வேண்டும். மருத்துவர் எழுத்தில் அனுமதி தராமல் அவன் திரும்ப ஆட முடியாது. பல நம்மவர்களுக்கு இந்த உரிமை இருப்பதே தெரியவில்லை. கோச் என்ன நினைப்பாரோ என்று தயங்கிவிடுகிறார்கள். தயங்காதீர்கள். இறங்கிப் போய்ச் சொல்லுங்கள்.

இந்த சீசனின் முதல் ஆட்டம் முடிந்த இரவு அந்த அம்மா போன் செய்தார். பையனுக்கு அன்றும் பந்து வரவில்லை. "அண்ணா, ரெண்டாவது டச்டவுன்ல சேஃப்டி இவன் பின்னாடிதானே போனான்? நான் சரியாப் பாத்தேனா?" என்று கேட்டார். வீடியோவை இன்னும் திறக்கவில்லை, காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். காலையில் பார்த்தேன். சரியாகத்தான் பார்த்திருந்தார்.