அந்தக் கதவு இம்முறையும் மூடியேதான் இருக்கும்

மெய்நிகர் விளையாட்டுகளில் ஒரு வகைக் கதாநாயகன் அடிக்கடி வருகிறான். தோழனைக் காப்பாற்ற முடியாமல் போன ஒரு நாளை நெஞ்சில் சுமந்துகொண்டே கட்டம் கட்டமாகப் போராடுவான். கடைசியில் அந்த நாளுக்கே திரும்பிச் சென்று, கதவை உடைத்து, தோழனை மீட்டுவிடுவான். அதோடு அவன் மனப்பாரமும் இறங்கிவிடும்.

இந்த விளையாட்டுகளுக்காகக் கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் அதே ஹெட்செட்டை உளக்காயத்துக்குச் சிகிச்சையாகப் பயன்படுத்துகிறவர்கள் செய்வது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அவர்கள் முடிவை மாற்றுவதில்லை. அதே நாள், அதே தெரு, அதே ஓசை. மூடிய கதவு மூடியபடியே இருக்கும். நோயாளி அதன் முன்னால் மறுபடியும் மறுபடியும் நிற்க வேண்டும்.

இது எப்படிப் பலன் தரும் என்று கேட்பதற்கு முன்னால், பொய் என்று தெரிந்த ஓர் இடத்துக்கு உடல் ஏன் பயப்படுகிறது என்று கேட்க வேண்டும். ஹெட்செட் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உண்டாக்கிக்கொள்கிறது. தலையைத் திருப்பினால் சென்சார்கள் அதைக் கண்டுகொள்ள, காட்சியும் கூடவே திரும்புகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான தாமதம் சுமார் 20 மில்லி வினாடிக்குள் இருந்தால், மூளை அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கண் சொல்வதும் உள்காதின் சமநிலை உறுப்பு சொல்வதும் ஒத்துப்போவதால், 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற முடிவுக்கு அது வந்துவிடுகிறது. தரையில் வெட்டிய ஆழமான குழியின் விளிம்பில் நிற்பதாகக் காட்டினால், அறையில் குழி எதுவும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தவருக்கும் இதயத் துடிப்பு ஏறுகிறது. கால் முன்னால் எழ மறுக்கிறது.

இடத்துக்கு மட்டும்தான் இந்த ஏமாற்றம் என்றில்லை, மனிதருக்கும் உண்டு. 2006-இல், மெய்நிகர் உலகங்களை ஆராயும் மெல் ஸ்லேட்டரின் குழு, கணினியில் உருவாக்கிய ஒரு பெண்ணிடம் கேள்விகள் கேட்கச் சொல்லி, அவள் தவறான பதில் சொல்லும்போதெல்லாம் 'மின்னதிர்ச்சி' கொடுக்குமாறு பங்கேற்றவர்களைப் பணித்தது. அந்தப் பெண் உயிருள்ளவள் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவளைக் கண்ணால் பார்த்து, அவள் முறையிடுவதைக் காதால் கேட்டவர்களின் தோலும் இதயமும் உண்மையான ஒருவரைத் துன்புறுத்துவதுபோலவே பதற்றம் காட்டின. சிலர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். விளையாட்டில் செய்த ஒரு காரியத்துக்காக மனம் உறுத்துகிறது என்று யாராவது சொன்னால் நாம் சிரிக்கக் கூடாது. அறிவு 'பொய்' என்று சொல்லி முடிப்பதற்குள் உடல் தன் பதிலைச் சொல்லிவிடுகிறது.

சிகிச்சை இந்தப் பலவீனத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. பேரதிர்ச்சியை அனுபவித்தவரின் மூளையில், ஆபத்தை அறிவிக்கும் அமிக்டலா அந்த நாளின் ஓசையையும் வாடையையும் அபாயத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அதனால் அவர் அவற்றை நினைவூட்டும் எல்லாவற்றையும் தவிர்க்கிறார். தவிர்க்கும்போது கிடைக்கும் தற்காலிக நிம்மதி, முடிச்சை மேலும் இறுக்குகிறது. பாதுகாப்பான இடத்தில் அதே தூண்டுதலைப் போதிய நேரம் எதிர்கொண்டு, அஞ்சியது எதுவும் நடக்கவில்லை என்று கண்டால், 'இந்த ஓசை கேட்டாலும் இப்போது ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் பதிகிறது. பழைய நினைவு அழிவதில்லை. புதியது அதற்குப் போட்டியாக நிற்கிறது. முன்மூளையின் ஒரு பகுதி அமிக்டலாவை அடக்கிவைக்க உதவுகிறது.

1990-களின் இறுதியில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழுவினர் வியட்நாம் போரில் பங்கேற்ற முன்னாள் வீரர்களுக்காக ஒரு ஹெலிகாப்டரையும் காட்டு வெளியையும் கணினியில் உருவாக்கினார்கள். பிறகு தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ரிஸ்ஸோ ஈராக் போர் வீரர்களுக்காக ஓர் உலகத்தை அமைத்தார். வீடியோ கேமாகவும் வெளிவந்த ஒரு படைப்பின் காட்சிகளைக் கொண்டே அது தொடங்கியது. சாலையில் ஓடும் ராணுவ வண்டி, அதிரும் மேடை, டீசல் வாடையையும் எரியும் ரப்பர் வாடையையும் பரப்பும் ஒரு கருவி. பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிகிச்சையாளர் தம் திரையில் அதே காட்சியைப் பார்த்தபடி, நோயாளி தாங்கும் அளவுக்கு ஏற்ப ஓர் ஓசையைச் சேர்க்கிறார், புகையைக் கூட்டுகிறார். நோயாளி நடந்ததை நிகழ்காலத்தில் வாய்விட்டுச் சொல்கிறார்: 'நான் வண்டியிலிருந்து இறங்குகிறேன். வலப்பக்கம் ஒரு கதவு.' இடையிடையே பதற்றத்தை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகச் சொல்கிறார். நாளடைவில் அந்த எண் இறங்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

கருவியைப் பற்றி மிகையான ஆசையும் வேண்டாம். 162 அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்து 2016-இல் வெளியான சோதனையில் ஹெட்செட் முறை பலன் தந்தது உண்மைதான். ஆனால் கண்களை மூடி மனத்துக்குள்ளேயே அந்த நாளுக்குச் செல்லும் பழைய முறையை அது மிஞ்சவில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது பழைய முறையே முன்னால் நின்றது.

நம் கதாநாயகனின் உண்மையான நோய்க்கு இப்போது வருகிறேன். அவனுக்குப் பயம் குறைவு, குற்றவுணர்வுதான் பெரிது. 'ஆபத்தில்லை' என்ற பாடம் அதைத் தொடுவதில்லை, ஏனெனில் ஆபத்து வரும் என்று அவன் எண்ணவில்லை. 'நான் கெட்டவன்' என்று எண்ணுகிறான். தன் அறத்துக்கு எதிராக எதையோ செய்ததால், அல்லது செய்யத் தவறியதால் வரும் இந்த வேதனையை உளவியலாளர்கள் அறக்காயம் என்று தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள்.

குற்றவுணர்வில் அடிக்கடி ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருந்ததுபோலவே நமக்குத் தோன்றும். உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் சோதனைகள் மூலம் காட்டிய விஷயம் இது. எட்வர்ட் குபனி அதிர்ச்சியால் வரும் குற்றவுணர்வை ஆராய்ந்தபோது, இந்தப் பிழையை மையமான இடத்தில் வைத்தார். கதவுக்குப் பின்னால் யார் இருந்தார் என்பது இன்றைய அறிவு. அன்று அவன் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததோ கதவும் புகையும் மட்டுமே. அதே உயரத்தில், அதே கோணத்தில் நிறுத்தி, 'இங்கிருந்து உனக்கு என்ன தெரிகிறது?' என்று கேட்க ஹெட்செட் நல்ல வாய்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. தவறு உண்மையிலேயே அவனுடையதாக இருந்தால் இந்தக் கேள்வி போதாது. அப்போது மன்னிப்பையும் ஈடுசெய்தலையும் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதற்கு எதிரில் ஒரு மனிதர் வேண்டும்.

இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. கரோலின் ஃபால்கனர், ஸ்லேட்டர் உள்ளிட்டோர் நடத்திய சோதனையில், தன்னையே கடிந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர் முதலில் பெரியவர் ஒருவரின் உடலில் நின்று, அழும் குழந்தைக்கு ஆறுதல் சொல்வார். பின்பு அந்தக் குழந்தையின் உடலுக்குள் போய், தாம் சொன்ன ஆறுதலைத் தம் குரலிலேயே கேட்பார். 2016-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு கொண்ட 15 பேரிடம் மூன்று முறை இதைச் செய்தபோது, ஒரு மாதத்துக்குப் பின் 9 பேர் சோர்வு குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வுதான் அது. ஆனாலும் எனக்கு அது நெருக்கமாக இருக்கிறது. அடுத்தவர் குழந்தையிடம் எளிதாக வந்த சொற்களைத் தன்னிடம் சொல்லிக்கொள்ளத்தான் பலருக்கும் நா எழுவதில்லை.

வீட்டில் தனியாக ஹெட்செட் மாட்டிக்கொண்டு எதிரிகளை வீழ்த்துவது இதில் எதுவும் அல்ல. வெற்றி கிடைக்கும்வரை ஆடும் ஆட்டம், பல நேரம் தவிர்ப்பின் இன்னொரு வடிவம்தான். உளக்காயம் உள்ளவருக்கு ஆள்துணையில்லாத போர்க்காட்சி, நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

சிகிச்சை அறையில் ஹெட்செட்டைக் கழற்றியதும் முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் தருகிறார்கள். பிறகு பேச்சு தொடங்குகிறது: இன்று அந்தக் கதவின் முன்னால் புதிதாக எதைக் கவனித்தீர்கள்? பலர் அன்று தாம் சொன்னவற்றின் ஒலிப்பதிவை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அடுத்த சந்திப்புவரை தம் குரலையே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.