கேரவனின் இரண்டாம் பேட்டரி ஏன் நிறைவதில்லை?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களுக்குக் கேரவனில் புறப்பட்டவர்கள், பகலெல்லாம் வண்டி ஓடியும் இரவில் மின்விசிறி நின்றுபோனால், முதலில் இரண்டு பேட்டரிகளையும் இணைத்துப் பிரிக்கும் ஐசோலேட்டரைத்தான் சந்தேகிக்கிறார்கள். அதைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பொருத்திய பின்பும் குறை தீராமல் போவதுண்டு. அதற்குக் காரணம், மின்னழுத்தம் எந்த இடத்தில் குறைகிறது என்பதை அளந்து பார்க்காமலேயே பாகத்தை மாற்றுவதுதான்.

இவ்வகை வண்டிகளில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று செல்ஃப் மோட்டாரைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்புவதற்கு. ‘வீட்டு பேட்டரி’ எனப்படும் மற்றொன்று விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு. பட்டறைகளில் டைனமோ என்று சொல்லப்படும் ஆல்டர்னேட்டரே இரண்டையும் சார்ஜ் செய்கிறது. இன்ஜின் ஓடும்போது இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடுவது ஐசோலேட்டரின் வேலை. அது இல்லையென்றால் இரவு முழுதும் ஓடிய மின்விசிறி, காலையில் வண்டியைக் கிளப்ப வேண்டிய பேட்டரியையும் வற்றச் செய்துவிடும்.

டயோடு வகை ஐசோலேட்டர் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுகிறது. ஆனால் ஏறத்தாழ 0.7 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் அப்பால் சென்று சேர்வது 13.5 மட்டுமே. முழுமையாக நிறைய 14.4 வோல்ட் வரை கேட்கும் ஈய அமில பேட்டரிக்கு இது போதாது. 50 ஆம்பியர் பாயும்போது அந்த 0.7 வோல்ட் 35 வாட் வெப்பமாக மாறுகிறது. ஆகவே இவ்வகை ஐசோலேட்டர் கைசுடுமளவு சூடாவதைப் பழுதென்று கொள்ள வேண்டியதில்லை. மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே வகையில் இந்த இழப்பு மிகக் குறைவு. மின்னழுத்தத்தை உணர்ந்து இயங்கும் ரிலேக்கள் பொதுவாக 13.3 வோல்ட் அளவில் இணைந்து, 12.8 அளவில் பிரிகின்றன.

மின்னழுத்தத்தை அளக்க மல்டிமீட்டரைக் கையிலெடுப்பவர் முதலில் வண்டியைச் சில மணி நேரம் ஓய்வில் விட வேண்டும். ஓய்விலிருக்கும் ஈய அமில பேட்டரியில் 12.7 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஓடி நின்றவுடன் அளந்தால் மேற்பரப்பில் தேங்கிய மின்னூட்டம் 13 வோல்ட் வரை காட்டி ஏமாற்றும். அடுத்து இன்ஜினைக் கிளப்பி, மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் ஓடவிட்டு, ஆல்டர்னேட்டர் முனை, ஐசோலேட்டரின் உள்முனை, வெளிமுனை, வீட்டு பேட்டரியின் முனை என வரிசையாக அளக்க வேண்டும். தலைமடையில் தண்ணீர் நிறைந்திருந்தும் கடைமடை வயல் காய்ந்தால், வாய்க்காலை நடந்து பார்த்து அடைப்பைத் தேடுவதைப் போன்றதே இது. மின்விசிறி போன்ற சுமையை இயக்காமல் அளப்பதால் பயனில்லை. கேபிளில் இழக்கப்படும் மின்னழுத்தம் மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கிய அளவு என்பதால், 0.02 ஓம் தடையுள்ள தளர்ந்த இணைப்பு 30 ஆம்பியரில் 0.6 வோல்ட்டை விழுங்கும். மின்னோட்டம் இல்லாதபோது அதே இணைப்பு குற்றமற்றதாகத் தோன்றும்.

பலர் மறப்பது எர்த் பக்கத்தை, அதாவது வண்டியின் உலோக உடல் வழியே மின்னோட்டம் திரும்பும் பாதையை. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று வீசும் இடங்களில் சேசிஸில் முடுக்கிய எர்த் இணைப்பு, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் அரித்துவிடும். வீட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே, சார்ஜ் ஏறும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஐசோலேட்டரைத் தொடுவதற்கு முன் அந்த எர்த்தைச் சுரண்டித் துலக்கி இறுக்க வேண்டும்.

ரிலேயின் சுருளுக்கு 12 வோல்ட் வந்தும் ‘டிக்’ என்ற ஒலி கேட்காவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம். ஒலி கேட்டும் மறுமுனைக்கு மின்சாரம் வராவிட்டால் தொடுமுனைகள் கருகியிருக்கும். தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வதே இவற்றில் ஆபத்தானது. இன்ஜினை நிறுத்தி, ரிலே பிரியப் போதிய நேரம் கொடுத்த பின்பும், வீட்டுச் சுமையை இயக்கியதும் இரண்டு பேட்டரிகளின் அளவும் சேர்ந்தே இறங்கினால் ரிலே ஒட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றில், இன்ஜின் கணினியே ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்பக் குறைக்கிறது. அது 12.8-க்குக் கீழே போனதும் ரிலே தன் கடமைப்படியே பிரிந்துவிடுகிறது. எத்தனை ஐசோலேட்டர் மாற்றினாலும் இது மாறாது. இங்கே தேவைப்படுவது, உள்ளே வரும் மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர். லித்தியம் பேட்டரி பொருத்தியவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன். உள்தடை மிகக் குறைந்த அந்த பேட்டரி, இன்ஜின் மெதுவாகச் சுழன்று காற்றோட்டம் குறைந்திருக்கும் வேளையிலும் ஆல்டர்னேட்டரால் இயன்றதையெல்லாம் உறிஞ்சி, அந்த ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடக்கூடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி நிறையாவிட்டால், பயணத்தின் தன்மையைப் பார்க்க வேண்டும். சூரியனார்கோயிலிலிருந்து கஞ்சனூருக்குச் சில கிலோமீட்டர்தான். பாதி வற்றிய 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிக்கு 25 ஆம்பியர் சென்றாலும் பெரும்பகுதி நிறைய ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலாகும்; கடைசி ஐந்தில் ஒரு பங்கில் மின்னோட்டம் தானாகவே குறைந்துகொண்டே வருவதால் மேலும் பல மணி நேரம் பிடிக்கும். கோயிலுக்குக் கோயில் நின்று நின்று செல்லும் ஓட்டம் இதற்கு ஈடுகொடுக்காது. தங்குமிடத்தில் வீட்டு மின்சாரம் கிடைத்தால் சார்ஜரை இரவு முழுதும் இணைத்து வைப்பதும், கிடைக்காவிட்டால் கூரையில் சோலார் பலகை பொருத்துவதுமே வழி.