சுழலாத பந்து ஏன் தடம் மாறுகிறது?

"ஐபிஎல் வர்ணனையில் அடிக்கடி நக்கிள் பால் என்கிறார்களே, பேஸ்பாலிலும் இதே பந்துதானா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பிடி கிட்டத்தட்ட ஒன்றுதான், வேலை வேறு. கிரிக்கெட்டில் அது வேகத்தை மறைக்கும் தந்திரம். கை வேகமாகச் சுற்றும், பந்து மெதுவாக வரும், பேட்ஸ்மேன் அவசரப்பட்டு மட்டையை வீசிவிடுவார். பேஸ்பாலில் பந்து தரையில் குத்துவதில்லை. எறிமேட்டுக்கும் பேட்டரின் தட்டுக்கும் இடையே 18.44 மீட்டர்; எறிந்த பந்து காற்றிலேயேதான் வந்தாக வேண்டும். அந்தக் காற்றை வைத்தே பிழைத்த ஒருவரின் கதையோடு சொன்னால் எளிதாகப் புரியும்.

ஆர்.ஏ. டிக்கி அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்காரர்; பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்தெறிபவர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர். அதே ஆண்டு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி புது வீரர்களுக்கான தேர்வின் முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்து 8,10,000 டாலர் தருவதாகச் சொன்னது. ஒரு பத்திரிகை அட்டைப்படத்தில் அவர் கை தொங்கிய விதம் அணியின் மருத்துவக் குழுவில் ஒருவருக்கு உறுத்தியது. பரிசோதித்தால், வலது முழங்கையின் உட்பக்கத்தில் இருக்க வேண்டிய தசைநாரே இல்லை! வேகமாக எறியும்போது முழங்கை பிய்ந்துவிடாமல் காப்பது அந்த நார்தான். தொகை 75,000 டாலராகச் சுருங்கியது. இந்த நார் கிழிந்த டாமி ஜான் என்ற பிட்சருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் முதன்முதலாக மாற்று நார் வைத்துத் தைத்தது 1974 செப்டம்பரில். அடுத்த மாதம்தான் டிக்கி பிறந்தார். ஜாதகக்காரர்கள் கையில் சிக்கியிருந்தால் ஒரு கதை கட்டியிருப்பார்கள்.

சாதாரண பிட்சராகப் பல ஆண்டுகள் தடுமாறிவிட்டு, வேகமும் குறைந்தபின், 2005-இல் டிக்கி நக்கிள் பாலுக்கு மாறினார். 2006-இல் அந்தப் பந்தோடு தொடங்கிய முதல் ஆட்டத்திலேயே ஆறு ஹோம் ரன்கள் (நம் சிக்ஸர் மாதிரி) கொடுத்தார். உடனே கீழ்நிலை லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

வழக்கமான வேகப்பந்து நிமிடத்துக்கு 2,200 சுற்று அளவில் பின்சுழற்சியோடு வரும். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கம் தள்ள, காற்று பந்தை மறுபக்கம் தள்ளும். மேக்னஸ் விளைவு, பள்ளிப் பாடம்தான். நக்கிள் பாலில் பிட்சர் இரண்டு விரல் நகங்களைத் தோலில் பதித்து, மணிக்கட்டை விறைப்பாக வைத்துப் பந்தைத் தள்ளிவிடுகிறார். பேட்டரை அடையும் அரை நொடியில் பந்து அரைச் சுற்றோ ஒரு சுற்றோதான் உருளும்.

நான் மயங்குவது இதற்கடுத்த சங்கதியில். பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல்கள் ஒரே வரியாகப் பந்து முழுக்க நெளிந்து ஓடுகின்றன. பெரும்பாலான கோணங்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாது. பறக்கும் பந்தின் தோலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று வழுக்கிக்கொண்டு போகிறது. ஓரிடத்தில் அது தோலை விட்டுப் பிரிய, பந்துக்குப் பின்னால் சுழிகள் நிறைந்த வால் உண்டாகிறது. படலம் பிரியப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு பக்கத்தில் மட்டும், தையல் இருக்கிறதென்று வையுங்கள். தையலில் இடறிய படலம் கொந்தளிக்கிறது. வெளியே வேகமாக ஓடும் காற்றை இழுத்துக் கலந்துகொள்கிறது. அந்தத் தெம்பில் இன்னும் கொஞ்ச தூரம் பந்தை விடாமல் ஒட்டிப் போகிறது. வால் எதிர்ப்பக்கம் சாய, பந்து தையல் உள்ள பக்கம் நகர்கிறது. கிரிக்கெட் ஸ்விங்கும் இதேதான்.

ஆனால் கிரிக்கெட்டில் தையல் வழியெல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். இங்கே பந்து மெல்ல உருள்கிறது. அதே தையல் படலம் பிரியும் இடத்துக்கே வந்து சேர்ந்தால் எல்லாம் தலைகீழ். காற்று தையல் மேட்டிலேயே பிய்த்துக்கொண்டு போகும், விசை மறுபக்கம் திரும்பும். பந்து சில டிகிரி திரும்பியதற்கே இத்தனை மாற்றம்! 1975-இல் டுலேன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வாட்ஸும் எரிக் சாயரும் காற்றுச்சுரங்கத்தில் ஒரு பந்தைப் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, விசை மாறுவதை அளந்தே காட்டினார்கள்.

"பந்து பறப்பதைப் பார்க்கவா பணம்?" என்று எந்த நிதிக்குழுவிலும் ஒருவர் கேட்பார். கோல்ஃப் பந்தின் குழிகளும், சில விமான இறக்கைகளின் மேல் வரிசையாக நிற்கும் குட்டித் தகடுகளும் இதே படலத்தைக் கொந்தளிக்க வைத்துத்தான் வேலை செய்கின்றன. விளையாட்டான கேள்விகளுக்கும் காற்றுச்சுரங்கத்தில் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

நக்கிள் பால் பட்டாம்பூச்சி போல இங்கும் அங்கும் துள்ளும் என்பார்கள். இயற்பியலாளர் ஆலன் நேதன், மைதானக் கேமராக்கள் பதிவுசெய்த டிக்கியின் பந்துகளையும் இன்னொரு நக்கிள் பால்காரரான டிம் வேக்ஃபீல்டின் பந்துகளையும் ஆராய்ந்தார். அளவீட்டின் துல்லியத்துக்கு எட்டியவரை, அவற்றின் பாதை மற்றப் பந்துகளின் பாதையைப் போலவே வழவழப்பாக இருந்தது. ஒவ்வொரு பந்தும் எந்தப் பக்கம், எவ்வளவு விலகும் என்பதில்தான் ஒழுங்கே இல்லை. சுழற்சியைப் பார்த்துப் பாதையைக் கணித்துப் பழகிய பேட்டருக்கு இங்கே பிடிமானம் கிடைப்பதில்லை. துள்ளல் பெரும்பாலும் அவர் எதிர்பார்ப்பில்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

டிக்கி மற்ற நக்கிள் பால்காரர்களைவிட வேகமாக, மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வீசினார். 2012-இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக 20 வெற்றி, 230 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கிய முதல் நக்கிள் பால்காரர் அவர்தான். பிட்சருக்கே தெரியாத பாதையில் வரும் பந்தைப் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் பிடித்தாக வேண்டுமே! அந்த டிசம்பரில் டொரண்டோ அணி டிக்கியை வாங்கியபோது, அவர் பந்தைப் பிடித்துப் பழகிய ஜோஷ் தோலையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. 2017-இல், 42 வயதில், கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு வந்தவர்களில் சான் டியேகோ அணியின் மேட் வால்ட்ரன் இந்தப் பந்தை வீசினார், அதுவும் மற்றப் பந்துகளோடு கலந்து. 150 கிலோமீட்டரைத் தாண்டும் கைகளைத்தான் அணிகள் தேடுகின்றன. டாமி ஜான் பெயரையே பெற்றுவிட்ட அந்த முழங்கை அறுவை சிகிச்சைக்கும் அங்கே ஆள் குறைவதில்லை.