ஐனோட்ரோப்: சுருக்குவதா, விசை கூட்டுவதா?

இதய அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த குழந்தையின் தலைமாட்டில் சிரிஞ்ச் பம்புகள் அடுக்காக நிற்கும். அவற்றில் ஒன்றிரண்டைக் காட்டி, 'இவை ஐனோட்ரோப்' என்பார்கள் மருத்துவர்கள். இதயத்தசை சுருங்கும் விசையைக் கூட்டும் மருந்து என்று பொருள். மில்ரினோன், அட்ரினலின், டோபமின், டோபுடமின் எல்லாம் இந்த வகைதான். இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கிரேக்கத்தில் 'இஸ்' என்றால் தசைநார். அதன் ஆறாம் வேற்றுமை வடிவம் 'இனோஸ்'. 'ட்ரோபோஸ்' என்றால் திருப்பம். இரண்டையும் ஒட்டியவர் ஜெர்மன் உடலியலாளர் தியோடர் வில்ஹெல்ம் எங்கெல்மான். காலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதி. துடிப்பின் வேகத்தைப் பற்றியதற்கு 'குரோனோட்ரோப்' என்ற சொல்லும் அவர் தந்ததே. விசை வேறு, வேகம் வேறு என்று அன்றே பிரித்துவிட்டார்.

மூலத்தை அப்படியே பெயர்த்தால் 'நார்த்திருப்பி' என்று வரும்; கயிறு திரிக்கும் கருவி என்றுதான் நினைப்போம். எல்லாப் பெயர்ப்பும் இப்படிச் சொதப்புவதில்லை. அட்ரினலின் என்ற சொல்லுக்குள் இருப்பது 'சிறுநீரகத்தை அண்டியது' என்ற லத்தீன் பொருள். அதைச் சுரக்கும் சுரப்பியை நாம் அண்ணீரகம் என்கிறோம், கச்சிதமாகப் பொருந்துகிறது.

'இதயச் சுருக்கூக்கி' என்பது இலக்கணத்தில் குறையில்லாத சொல். ஆனால் அறைக்கு வெளியே காத்திருக்கும் தாயின் காதில் அது 'இதயத்தைச் சுருக்கிவிடும் மருந்து' என்று விழக்கூடும். 'இதய ஊக்கி' என்றால் வேகமா விசையா என்று தெரியாது. என் தேர்வு 'இதயவிசையூக்கி'. வழக்கில் 'விசையூக்கி' போதும். பீட்டா தடுப்பிகளைப் போல விசையைக் குறைப்பவற்றுக்கு 'விசைத்தணிப்பி' என்ற இணைச்சொல்லும் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. ரத்தக்குழாயை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் வாசோபிரசர் மருந்துகள் வேறு. அவற்றைக் 'குழாய் இறுக்கி' எனலாம். மில்ரினோன் அதற்கு நேர் எதிர்: விசையைக் கூட்டிக்கொண்டே குழாயை விரிக்கும். அதனால் அதை 'ஐனோடைலேட்டர்', அதாவது விரிப்பு விசையூக்கி என்கிறார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு, இரவில் மருந்தைக் கூட்டுகிறார்களே என்று பெற்றோர் கலங்குவதுண்டு. அறுவைக்காக நிறுத்தப்பட்டு மீண்டும் துடிக்கத் தொடங்கிய இதயம், முதல் 6 முதல் 18 மணி நேரத்துக்குள் சற்றுத் தளர்வது அறிந்த ஒன்றே. பச்சிளங்குழந்தையின் இதயத்தசைக்குச் சொந்தக் கால்சியச் சேமிப்பும் குறைவு. ரத்தத்தில் வரும் கால்சியத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஆகவே அந்த வயதில் கால்சியமும் ஒரு விசையூக்கிதான்.

அளவு எவ்வளவு நுண்ணியது என்பதற்கு ஒரு கணக்கு. 4 கிலோ குழந்தைக்கு மில்ரினோன், கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 120 மைக்ரோகிராம் ஆகிறது. ஒரு மில்லிலிட்டரில் 200 மைக்ரோகிராம் இருக்கும்படி கலந்தால், பம்ப் தள்ளுவது மணிக்கு 0.6 மில்லிலிட்டர். சிரிஞ்சின் தண்டு நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. இதயம் தேறத் தேற இந்த எண்ணைப் படிப்படியாக இறக்குவார்கள்; திரையில் அது 0.3 ஆகியிருந்தால், பாதி வேலையைக் குழந்தையின் இதயம் தானே எடுத்துக்கொண்டுவிட்டது என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. மருந்து ரத்தத்திலிருந்து இறங்கவே சில மணி நேரம் பிடிக்கும்.