ஸ்கேன் எடுத்ததும் பாட்டுப் புத்தகத்தை எரிக்காதீர்கள்

ஹட்டனில் தேவாலயப் பாடகர் குழுக்களுக்குக் கணினியில் இசைத்தாள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். கரோல் காலம் நெருங்கிவிட்டது. இந்த மாதம் மூன்றாவது முறையாக அதே பேச்சு: "ஸ்கேன் இருக்குதானே சேர், கொஞ்சம் பெருசாக்கி மட்டும் குடுங்க." புத்தகம் எங்கே என்றால், பூஞ்சை பிடித்துவிட்டது, எரித்துவிட்டோம் என்கிறார்கள். வயிறு எரிகிறது.

ஸ்கேன் என்பது வெறும் படம். எது நோட் (இசைக்குறி), எது கறை என்று கணினிக்குத் தெரியாது. பிடிஎஃப் ஆக்கினாலும் தெரியாது, வேர்டில் ஒட்டினாலும் தெரியாது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர்தான். படத்தைப் பெரிதாக்கினால் வரி ஓரத்தில் வெட்டுப்படும். பார் பாராக, அதாவது தாளக் கட்டம் கட்டமாக, வெட்டி அடுத்த வரியில் ஒட்டலாமே என்பார்கள். ஒட்டலாம், ஆனால் புது வரியின் தொடக்கத்தில் சுர உயரத்தைக் காட்டும் க்ளெஃப் குறி இருக்காது, எந்தச் சுரங்கள் கூடும், குறையும் என்று சொல்லும் கீ சிக்னேச்சர் இருக்காது. சுருதியை இறக்கித் தரச் சொன்னால் அதுவும் நடக்காது. முதலில் ஒவ்வொரு நோட்டையும் கணினி படித்தாக வேண்டும்.

படிப்பதற்கு ஆடிவெரிஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. அது தரும் கோப்பை இசைத்தாள் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் திறந்து திருத்தலாம். தமிழ்ப் பாடல் வரிகளை நான் கையால்தான் தட்டுகிறேன். போன வாரம் பாருக்கு மூன்று அடி வரும் 3/4 தாளப் பாட்டொன்றில், ஒரு நோட்டுக்கு வலப்பக்கத்தில் கடுகளவு பூஞ்சை. மென்பொருள் அதை நீட்டும் புள்ளியாக எடுத்து, ஓர் அடி நோட்டை ஒன்றரை அடியாக்கிவிட்டது. பார் மூன்றரை அடி வந்ததால் பிடிபட்டது. அதே புள்ளி நோட்டின் தலைக்கு மேலே இருந்திருந்தால் ஸ்டக்காட்டோ, அதாவது வெட்டிப் பாடும் குறி, ஆகியிருக்கும். தாளக் கணக்கும் சரியாக வந்திருக்கும். அப்புறம் அது மையா பூஞ்சையா என்று தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தாளே இல்லையென்றால்?

ஸ்கேனரில் 300 டிபிஐ, கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்கள்) வைத்து எடுங்கள். கறுப்பு வெள்ளை வேண்டாம், மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும், டொகியுமென்டாக அனுப்புங்கள். நான் தருவதையும் ஒரு தடவை வாசித்துப் பார்க்காமல் ஐம்பது கொப்பி அடிக்காதீர்கள்.

மலைநாட்டு ஈரத்தில் தாளில் பூஞ்சை வரத்தான் செய்யும். காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, முகக்கவசம் போட்டு, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஓரத்தில் உங்கள் பழைய ஒர்கனிஸ்ட் பென்சிலால் போட்ட மூச்சுக் குறிகள் வேறெந்தப் பிரதியிலும் இல்லை.