கேமராவில் வருவதற்கு முன்பே போய்விட்ட ஆள்

ஒரு மளிகை மொத்தக் கடையிலிருந்து போன். கல்லாவில் பணம் காணோம், கேமராவைப் போட்டுப் பார்த்தால் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, உடனே வா என்றார் அண்ணாச்சி. சிசிடிவி, நெட்வொர்க், சர்வர் என்று 18 வருடமாக இதே பிழைப்பு என்பதால், ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கடையில் இரண்டு ரெக்கார்டர்கள், முன்வாசலுக்கு ஒன்று, பின்னால் குடோனுக்கு ஒன்று. 2:15க்குப் பணத்தை எண்ணி வைத்துவிட்டுச் சாப்பிடப் போன அண்ணாச்சி 2:25க்குத் திரும்பியிருக்கிறார், பணக்கட்டு இல்லை. நீலச் சட்டை போட்ட ஒருவர் குடோன் வழியாக 2:10க்கு வெளியேறுகிறார். முன்வாசல் கேமராவில் அதே ஆள் 2:16க்குத்தான் கடைக்குள்ளேயே நுழைகிறார். "தம்பி, இவன் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டான், எப்படிப்பா?" என்று கேட்டுவிட்டு, அவரே ஒரு முடிவுக்கும் வந்திருந்தார்: நீலச் சட்டை 2:10க்கே போய்விட்டான், 2:17க்குக் கடைப் பையன் கல்லாப் பக்கம் நடப்பது குடோன் கேமராவில் தெரிகிறது, ஆகவே எடுத்தது பையன்தான்.

காரணம் சப்பையானது. ரெக்கார்டருக்குள் இருப்பது வினாடிக்கு 32,768 முறை அதிரும் சின்ன குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 வினாடி, மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். தகர ஷீட் போட்ட குடோன் சூட்டில் இன்னும் மெதுவாக ஓடும். ஒரு வருடம் யாரும் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அண்ணாச்சியின் கேள்வி சப்பையானது இல்லை. இரண்டு இடங்களில் நடந்ததை "ஒரே நேரத்தில்" என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 1905இல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைன் பிடித்துக்கொண்டது இந்த நுனியைத்தான். தூரத்துக் கடிகாரத்துக்கு ஓர் ஒளிக்கீற்றை அனுப்பு, அது திரும்பி வர ஆன நேரத்தில் பாதியை எடு, அதை வைத்து அந்தக் கடிகாரத்தைச் சரி செய் என்றார். இன்று உங்கள் கம்ப்யூட்டர், இணையத்தில் சரியான மணி சொல்லும் என்.டி.பி. சர்வரிடம் மணி கேட்கும்போது செய்வதும் கிட்டத்தட்ட இதேதான், கேள்வி போகும், பதில் வரும், போய்வந்த நேரத்தில் பாதி. இதே முறையை ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் செய்தால் அவருக்குக் கிடைக்கும் "ஒரே நேரம்" நம்முடையதோடு ஒத்துப்போகாது என்பதுதான் ஐன்ஸ்டைன் கண்டது. இரண்டு பேரும் தப்பு செய்யவில்லை. பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவாக ஒரு சுவர்க்கடிகாரம் எங்கும் மாட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். நியூட்டன் மாட்டியிருப்பதாகத்தான் நினைத்தார், நாமும் பள்ளிக்கூடத்தில் அப்படி நினைத்துக்கொண்டுதான் பாஸ் ஆனோம்.

இது வெறும் தாளில் போட்ட கணக்கு இல்லை. 1971 அக்டோபரில் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நான்கு சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே போனவை தரையில் இருந்தவற்றைவிடச் சுமார் 59 நானோ வினாடி பின்தங்கின, மேற்கே போனவை 273 நானோ வினாடி முந்தின. கடிகாரத்தின் வேகம் மட்டும் இல்லை, அது இருக்கும் உயரமும் கணக்கில் வரும், பூமியின் ஈர்ப்பிலிருந்து விலக விலகக் காலம் வேகமாக ஓடும். 2022இல் ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்துக்கே இது அளந்து காட்டப்பட்டது. மாடி வீட்டில் குடியிருப்பவர் கீழ்வீட்டுக்காரரைவிட ஒரு துளி சீக்கிரம் கிழவராகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போனில் இருக்கும் ஜி.பி.எஸ். இந்த விவகாரத்தை ஒவ்வொரு நொடியும் சமாளித்துக்கொண்டிருக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் கடிகாரம் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ வினாடி பின்தங்கும், உயரத்தால் 45 முந்தும், ஆக 38 மிச்சம். அந்த 38இல் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். 1977இல் என்.டி.எஸ்.-2 என்ற முன்னோட்டச் செயற்கைக்கோளை அனுப்பியபோது இந்த 38ஐக் கழிக்கும் திருத்தம் தேவையா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அதனால் அதை முதலில் போடாமலே சுமார் 20 நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கணக்குச் சொன்ன அளவை ஒட்டியே கடிகாரம் முந்தியது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, ஏனென்றால் எங்கள் தொழிலிலும் இப்படி "போட்டுப் பார்ப்போமே" என்று விட்டுப் பிடிப்பதுதான் பழக்கம்.

சரி, அப்படியானால் ஒருவன் வருவதற்கு முன்பே போக முடியுமா? முடியாது. முன்பின் வரிசை ஆளுக்கு ஆள் மாறுவது, ஒளியால்கூட ஒன்றிலிருந்து இன்னொன்றை எட்ட முடியாத நிகழ்ச்சிகளுக்கு மட்டுந்தான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்க முடியும் என்றால் அந்த வரிசை யார் பார்த்தாலும் மாறாது. ஆகவே உங்கள் கேமரா வரிசையை மாற்றிக் காட்டினால் பழி கேமராவின் கடிகாரத்துக்குத்தான்.

பொதுவான நேரம் என்பது இயற்கை தந்தது இல்லை, ஆட்கள் உட்கார்ந்து உண்டாக்கிக் காப்பாற்றுவது. 1906க்கு முன் நமக்கு இந்திய நேரம் என்றே ஒன்று கிடையாது. 1802இல் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் கணித்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால், பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி நேரம். இன்று டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வைத்து நம் நேரத்தைப் பராமரிக்கிறது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் மணியை அதோடு ஒத்துவைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவே போட்டது.

அதனால் கடை வைத்திருப்பவர்களுக்கும் அபார்ட்மெண்ட் செயலாளர்களுக்கும் சொல்கிறேன், ரெக்கார்டரை இணையத்தோடு இணைத்து என்.டி.பி.யை ஆன் செய்யுங்கள், நேர மண்டலம் 5:30 என்று இருக்கிறதா பாருங்கள், உள்ளே காசு மாதிரி இருக்கும் சின்ன பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். முக்கியமான விஷயம், சம்பவம் நடந்த பிறகு மணி தப்பு என்று தெரிந்தால் உடனே சரி செய்யாதீர்கள்! முதலில் போன் மணியும் ரெக்கார்டர் மணியும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். அந்த வித்தியாசந்தான் உங்கள் சாட்சி.

அண்ணாச்சி கடையில் அது போய்விட்டது. அவர் மருமகன் நல்ல பிள்ளை, மறுநாள் காலையிலேயே குடோன் ரெக்கார்டரின் மணியைத் திருத்தி வைத்திருந்தான். பழைய பதிவில் எத்தனை நிமிடம் பிசகு என்று சொல்ல ஆளில்லை. அப்புறம்தான் தோன்றியது, பணம் காணாமல் போன அன்றைக்குச் சாயங்காலம் கரண்ட் போயிருக்கிறது. ரெக்கார்டர்கள் யுபிஎஸ்சில் ஓடுகின்றன, டியூப் லைட்டுகள் அணைந்தது இரண்டு பதிவிலும் இருக்கும். தூரத்து ஆய்வகங்கள் ஒரே செயற்கைக்கோளைப் பார்த்துத் தங்கள் கடிகாரங்களை ஒப்பிட்டுக்கொள்வதும் இதே தந்திரந்தான். முன்வாசலில் 3:42:10, குடோனில் 3:30:50. ஆக 11 நிமிடம் 20 வினாடி பிசகு. முன்வாசல் ரெக்கார்டர் போன் மணியோடு சரியாகவே இருந்தது.

நீலச் சட்டை வெளியேறியது 2:21க்கு மேல். பையன் கல்லாப் பக்கம் நடந்தது 2:28க்கு, அண்ணாச்சியே கடைக்குத் திரும்பிய பிறகு. முன்வாசல் பதிவை மறுபடி ஓட்டினோம். 2:14க்கு வெளியே போன பையன், 2:26க்கு டீ பிளாஸ்க்கோடு திரும்பி வருகிறான்.