43 சென்டிமீட்டர் சீட்டும் நம் உடம்பும்

எகானமி வகுப்பில் ஒரு சீட்டின் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே கிடைக்கும் இடம் பெரும்பாலும் 43 முதல் 46 சென்டிமீட்டர்தான். போயிங் 737 வகை விமானங்களில் 17 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஏர்பஸ் ஏ320 வகையில் 18 அங்குலம் வரை வரும். வளர்ந்த ஆண் ஒருவரின் தோள் அகலமோ பெரும்பாலும் இதைத் தாண்டும். எடை சரியாக உள்ள மூன்று ஆண்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்தாலும் தோளோடு தோள் உரசத்தான் செய்யும். பக்கத்துப் பயணி இடிக்கிறார் என்ற புகாரில் ஒரு பாதி உடம்பைப் பற்றியது, மறு பாதி நாற்காலியைப் பற்றியது. நாற்காலியை நம்மால் மாற்ற முடியாது. மற்றதில் நிறையவே செய்ய முடியும்.

உடல் பருமனுக்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் விமானப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அவமானத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பெல்ட் எட்டாதது, டிரே வயிற்றில் முட்டி நிற்பது, பக்கத்தில் வந்து உட்காருபவர் விடும் பெருமூச்சு. அந்த அவமானத்துக்குப் பயந்து அவர்கள் செய்பவைதான் மருத்துவ ரீதியாகப் பெரிய சிக்கல்: தண்ணீர் குடிப்பதில்லை, எழுந்து நடப்பதில்லை, பெல்ட் போடுவதில்லை, அடுத்தவர் முன்னால் சாப்பிடுவதில்லை. நான்குமே ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடியவை.

முதலில் அளந்து பாருங்கள்

நின்றுகொண்டு இடுப்பைச் சுற்றி எடுக்கும் அளவு இங்கே உதவாது. உட்கார்ந்ததும் தொடையும் இடுப்பும் பக்கவாட்டில் பரவும். கைப்பிடி இல்லாத, மெத்தை இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் இரண்டை இடுப்பின் இரு பக்கமும் செங்குத்தாக, தோலில் லேசாகப் படுமாறு வைக்கச் சொல்லுங்கள். எழுந்து, இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே டேப் வைத்து அளந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய எண். 43-க்குள் இருந்தால் பெரும்பாலான விமானங்கள் சரி. அதற்கு மேல் 48 வரை என்றால் கைப்பிடி இறங்கும், ஆனால் சதையை அழுத்தும். நீண்ட பயணத்தில் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது இதனால்தான். அதற்கும் மேலே போனால் இரண்டாவது சீட்டைப் பற்றி யோசிப்பது நல்லது. பல விமான நிறுவனங்கள் பார்ப்பதும் இதே இரண்டைத்தான்: இரண்டு கைப்பிடியும் கீழே இறங்குகிறதா, சீட் பெல்ட்டை நீட்டித் தரும் ஒரு கூடுதல் பெல்ட்டோடு கொக்கி மாட்டுகிறதா.

இரண்டாவது சீட் விதி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சிலர் முழுக் கட்டணம் கேட்பார்கள், சிலர் சலுகை தருவார்கள். கனடாவில் மட்டும் 2008-இல் உள்நாட்டுப் பயணத்துக்கு 'ஒரு ஆளுக்கு ஒரு கட்டணம்' என்று அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம் உத்தரவிட்டது; உடல் பருமனால் மாற்றுத்திறன் நிலை ஏற்பட்டவர்களுக்கும் அது பொருந்தும்.

காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது சீட் கைநழுவிப் போவதும் உண்டு. கூடுதல் சீட்டுக்குத் தனி போர்டிங் பாஸ் வாங்கவில்லை என்றால், கணினிக் கணக்கில் அந்த சீட்டுக்கு உரிய ஆள் வரவில்லை என்று பதிவாகிவிடும். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு அந்த சீட் போய்விடும். கேட்டில் இரண்டு பாஸையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் விமானம் மாறினால் இரண்டு சீட்டும் வெவ்வேறு வரிசைக்குச் சிதறும். புறப்படும் முந்தின நாளும் செக்-இன் செய்யும்போதும் சீட் எண்களை மறுபடி பாருங்கள்.

ஒரே சீட்தான் என்றால் எந்த சீட்? கால் நீட்டலாம் என்று பலரும் கேட்டு வாங்கும் முதல் வரிசையும் அவசரவழி வரிசையும் இங்கே பொறி. அவற்றில் பல சமயம் டிரே கைப்பிடிக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதால் கைப்பிடி தடிமனாக, மேலே தூக்க முடியாதபடி இருக்கும். உட்காரும் இடமும் சற்றுக் குறையும். கூடுதல் பெல்ட் வேண்டியவர்களைப் பல நிறுவனங்கள் அவசரவழி வரிசையில் உட்கார விடுவதும் இல்லை. இரண்டு மணி நேரப் பயணத்துக்கு ஜன்னல் சீட் வசதி. சுவரில் சாய்ந்துகொள்ளலாம், உரசல் ஒரு பக்கம் மட்டும்தான். நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் நடைபாதை சீட்தான். ஜன்னல் ஓரம் உட்காருபவர்கள் எழுந்திருப்பது குறைவு. காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல், பருமன் இருந்தால் இன்னும் கூடுதல். நடைபாதைப் பக்கக் கைப்பிடி தூக்க வராது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல விமானங்களில் அதன் அடிப்பக்கம், கீல் இருக்கும் முனைக்குப் பக்கத்தில், ஒரு சிறு பொத்தான் இருக்கும். விரலால் தடவிப் பார்த்து அழுத்தினால் கைப்பிடி மேலே வரும். விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் அதைக் கீழே இறக்கி வைக்க வேண்டும்.

பெல்ட் விஷயத்தில் நாடகம் வேண்டாம்

பெல்ட் எட்டாதவர்கள் சால்வையையோ சட்டையையோ மேலே போட்டு மறைத்துக்கொள்வது சகஜம். விமானம் காற்றில் திடீரெனத் தூக்கிப் போடும்போது பெல்ட் போடாத உடம்பு கூரையில் மோதும், பிறகு பக்கத்தில் இருப்பவர் மேல் விழும். எடை கூடக் கூட அந்த மோதலும் கடுமை.

கூடுதல் பெல்ட் சுமார் 60 சென்டிமீட்டர் நீளம் தரும். உள்ளே நுழையும்போதே வாசலில் நிற்கும் பணியாளரிடம் "எக்ஸ்டென்ஷன் பெல்ட் ஒண்ணு வேணும், சீட் 14-சி" என்று சொன்னால் போதும். அவர்களுக்கு அது தலையணை கேட்பது போலத்தான். இணையத்தில் விற்கும் பெல்ட்டை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கொக்கி வகை விமானத்துக்கு விமானம் மாறும், சொந்த பெல்ட்டைப் பெரும்பாலும் அனுமதிப்பதும் இல்லை. போடும் இடமும் முக்கியம். தொப்பையின் நடுவே போட்டால் குலுக்கலில் குடலையும் ஈரலையும் அழுத்தும். வயிற்றை ஒரு கையால் சற்றுத் தூக்கி, அதற்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படியும்படி இறுக்குங்கள்.

பயணத்துக்கு முன் பட்டினி

டிக்கெட் எடுத்ததும் இரண்டு வாரம் சாப்பாட்டைப் பாதியாகக் குறைப்பவர்கள் நிறைய. எடை இயந்திரம் 3 கிலோ குறைந்ததாகக் காட்டும். அதில் பெரும்பங்கு தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும், இரண்டு வாரத்தில் இடுப்பு அகலம் மாறாது. கிடைப்பது மலச்சிக்கல், தலைச்சுற்றல், வறண்ட உடம்பு. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு நடுவானில் சர்க்கரை இறங்குவதும் நடக்கும்.

நிதானமாகக் குறைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வாரத்துக்கு அரை கிலோ, ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் என்பது எட்டக்கூடியது. ரத்த அழுத்தம், சர்க்கரை, குறட்டை எல்லாம் அந்த அளவுக்கே இறங்க ஆரம்பிக்கும். முதலில் சுருங்குவது வழக்கமாக வயிறு. இடுப்பும் தொடையும் மெதுவாகத்தான் வழிக்கு வரும். ஆகவே டிரே சமமாக இறங்குவதும் கூடுதல் பெல்ட் தேவைப்படாமல் போவதும் முதலில் நடக்கும், கைப்பிடி அழுத்துவது கடைசியில்தான் நிற்கும். இதைச் சொல்லாமல் விட்டால், குறைத்தும் பயனில்லை என்று நடுவழியில் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றக்கூடியவை. அவற்றை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேட்க வேண்டும். எடை குறைக்கும் ஊசி போடுபவர்கள் மருந்து அடைத்த ஊசிப் பேனாவைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், சரக்கு அறையில் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். பயண வாரத்தில் அளவைக் கூட்டுவதும் வேண்டாம். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், குமட்டல் வானத்தில் வரும்.

மேலே போனதும் வயிறு

கேபினுக்குள் உள்ள அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்றது. குடலில் உள்ள காற்று தரையில் இருந்ததைவிடக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். ஏற்கெனவே வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் உடம்பில், இந்தக் காற்றும் சேர்ந்தால் நெஞ்செரிச்சல், மூச்சு முட்டல், பெல்ட் இறுக்கம். முந்தின நாளிலிருந்தே முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பயறு வகைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த குளிர்பானம் வேண்டாம். சர்க்கரை இல்லாதது என்று நம்பி மெல்லும் சூயிங்கமில் பெரும்பாலும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். குடலில் அதுவும் வாயுதான், மெல்லும்போது விழுங்கும் காற்று தனி.

100 கிலோ எடையுள்ளவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் மணிக்கு 130 கலோரி அளவுதான் செலவாகும். 10 மணி நேரத்துக்கு 1,300. இதற்கு எதிரே விமான நிலையத்தில் ஒரு சாப்பாடு, ஏறியதும் ஒன்று, இறங்குவதற்கு முன் ஒன்று, இடையில் மாறும் நிலையத்தில் ஒன்று. கூடவே கொறிப்பவை: 30 கிராம் வறுத்த நிலக்கடலை 170 கலோரிக்கு மேல், 330 மில்லி கோலா 140 கலோரி, 35 கிராம் சர்க்கரை. எத்தனை வேளை என்பதை ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 10 மணி நேரத்துக்கு இரண்டு வேளை தாராளம். வறண்ட காற்றிலும் இரைச்சலிலும் இனிப்பும் உப்பும் நாக்குக்கு மங்கலாகத் தெரியும், அதனால் விமானச் சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருப்பது வழக்கம். கால் வீங்க அதுவும் ஒரு காரணம். தட்டில் புரதத்தையும் காய்கறியையும் முதலில் முடித்துவிட்டால் ரொட்டியும் இனிப்பும் பாதியில் நின்றுவிடும்.

டிரே வயிற்றில் முட்டிச் சரிந்தால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடலாம். அல்லது கையில் பிடித்துச் சாப்பிடுகிற மாதிரியான பொருளை வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம்: அவித்த முட்டை வேண்டாம், மணம் மூன்று வரிசைக்குப் போகும்; ஆப்பிள், சீஸ், காய்கறி வைத்த சாண்ட்விச் போதும். தயிரைப் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகக் கணக்கிடுவார்கள், பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் போகாது.

சாப்பிடாமலேயே இருந்துவிடுபவர்கள் தனி. பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே என்று பத்து மணி நேரம் ஒன்றும் தொடாமல் வந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் ஒரே அமர்வில் மூன்று வேளைச் சாப்பாட்டைத் தின்பது. விமானச் சாப்பாட்டைவிட இது எடைக்கும் சர்க்கரைக்கும் மோசம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பழமோ ஒரு கைப்பிடி பாதாமோ உள்ளே போயிருந்தால் அந்த இரவுப் பசி இந்த வேகத்தில் வராது.

பக்கத்து சீட்டோடு

பேச்சை முதலில் ஆரம்பிப்பவருக்குத்தான் பாதி இறுக்கம் குறையும். "சார், நடுவுல இருக்கற கைப்பிடியத் தூக்கி வச்சுக்கலாமா? உங்களுக்குச் சிரமம்னா சொல்லுங்க, வேற சீட் இருக்கான்னு கேட்டுப் பாக்கறேன்" என்றால் போதும். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அக்குள், வயிற்று மடிப்பு போன்ற இடங்களைத் துடைத்து உலர்த்தி, பருத்திச் சட்டை போட்டு, மாற்று உள்சட்டை ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள். வியர்வை மடிப்பில் தேங்கினால் புண்ணும் வரும், வாடையும் வரும்.

ஒல்லியாக இருக்கும் பக்கத்துப் பயணிக்கும் உரிமை உண்டு. கைப்பிடிக்கு இந்தப் பக்கம் முழுக்க அவர் காசு கொடுத்த இடம். தாங்க முடியவில்லை என்றால் கதவு மூடுவதற்கு முன் எழுந்து போய், சமையல் பகுதியில் நிற்கும் பணியாளரிடம் தாழ்ந்த குரலில் கேட்கட்டும். காலி சீட் இருந்தால் மாற்றித் தருவார்கள். அங்கேயே உட்கார்ந்தபடி உச்சுக்கொட்டுவதும், போனில் படம் எடுப்பதும், டயட் சொல்லித் தருவதும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் அன்பு என்று நினைத்துச் செய்கிறார்கள்.

கால்

நான்கு மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. மொத்தத்தில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்பதால் பீதி வேண்டாம், ஆனால் பி.எம்.ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 30-ஐத் தாண்டியவர்களுக்கு அந்த எண் பொருந்தாது, அவர்களுக்குக் கூடுதல். கழிவறை குறுகலாக இருக்குமே என்று தண்ணீரைத் தவிர்ப்பது இங்கேதான் திருப்பி அடிக்கிறது. மணிக்கு ஒரு சிறு டம்ளர் குடியுங்கள். இரட்டை நடைபாதை விமானங்களில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கென ஒரு அகலமான கழிவறை வழக்கமாக இருக்கும். ஏறியதும் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை கணுக்காலை மேலும் கீழும் 20 தடவை. இரண்டு மணிக்கு ஒரு நடை. முழங்காலுக்குக் கீழே வரும் அழுத்தக் காலுறை உதவும், ஆனால் கெண்டைக்கால் சுற்றளவைக் காலையில் அளந்து வாங்க வேண்டும். பருத்த காலில் சிறிய அளவு காலுறையின் மேல் விளிம்பு சுருண்டு கயிறு மாதிரி இறுக்கினால், எதைத் தடுக்கப் போட்டோமோ அதையே வரவழைக்கும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் எட்டு மணி நேரம் கால் அசையாது. தூக்கத்தில் மூச்சு நிற்கும் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆக்சிஜனும் இறங்கும். அதற்காகத் தூங்கும்போது முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி வைத்திருப்பவர்கள் அதைக் கைப்பையாகவே கொண்டுபோகட்டும்.

இரண்டு காலும் ஒன்றாக வீங்கினால் காலை உயர்த்திப் படுத்தால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசரப் பிரிவுக்கு. பயணம் முடிந்து சில வாரம் கழித்தும் இது வரலாம் என்பதால், எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.